அக்கரையில் என்ன சாப்பிடலாம்? நாகையிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பக்கத்துத் துறைமுகமான காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். மழைக்காலம் வந்ததும் நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடியும் தொடங்கியது. ஏறக்குறைய 60 கடல் மைல், நான்கு மணி நேரம். அன்றிலிருந்து திருவாரூர், மன்னார்குடி, கும்பகோணம் பக்கத்துச் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் மூன்று தடவை போய் வந்தவன். கோயில், கோட்டை, கடற்கரை பற்றிச் சொல்ல ஆள் நிறைய உண்டு. என்னிடம் வருகிற கேள்விகள் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றித்தான். பெரிய ஓட்டல் சாப்பாடு எனக்குத் தெரியாது. தேநீர்க் கடை, கொத்துக் கடை, சந்தை, வீடு, கோயில் பந்தி: இவற்றைப் பற்றித்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

அவர்களும் தமிழர்கள்தானே? சாப்பாடும் நம்முடையது மாதிரிதானே இருக்கும்?

இல்லை. இதைத்தான் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். மொழி ஒன்று, அடுப்பு வேறு.

நமக்கு ஆறு இருக்கிறது. காவிரியும் வெண்ணாறும் வெட்டாறும் அரசலாறுமாகப் பிரிந்து வயலெல்லாம் ஓடி நெல்லைக் கொடுக்கின்றன. நெல் அறுத்த ஈரத்திலேயே உளுந்தும் பயறும் தெளித்து விடுகிறோம். மாடு கட்டினோம், மோர் கடைந்தோம். அதனால் நம் இலையில் சாம்பார், ரசம், மோர் என்ற வரிசை வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கியாறு என்று ஒன்று உண்டு, அது மழைக்கு மட்டும் ஓடும். அடியில் சுண்ணாம்புக் கல், மேலே செம்மண், சுற்றிலும் கடல், கண்ணுக்கு எட்டிய வரை பனை. வீட்டுக் கொல்லையில் தென்னை. கிணற்று நீரை இறைத்து இறைத்துத் தோட்டம் செய்தவர்கள். நம் சமையலில் பருப்பு உட்கார்ந்திருக்கும் இடத்தில் அங்கே தேங்காய்ப்பால் உட்கார்ந்திருக்கிறது. நாம் பொங்கலுக்கு ஒரு தடவை அவித்துத் தின்னும் பனங்கிழங்கை அவர்கள் மாவாக்கி வருஷம் முழுக்க வைத்துக்கொள்கிறார்கள்.

முதல் தடவை இது தெரியாமல் போனேன். தங்கிய விடுதியில் இந்தியர்கள் வந்திருக்கிறார்கள் என்று பிரியமாக பனீரும் நாணும் செய்து வைத்திருந்தார்கள். இரண்டு நாள் அதையே சாப்பிட்டேன். மூன்றாம் நாள் காலை தெருமுனைக் கடையில் இடியப்பம் சாப்பிட்ட பிறகுதான் அந்த இரண்டு நாளும் வீணாகப் போனது புரிந்தது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கப்பல் ஏறும் முன் என்ன சாப்பிடலாம்?

இரண்டு இட்லி, ஒரு காபி. எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். பாக் நீரிணை சில நாள் குளம் மாதிரி கிடக்கும், சில நாள் குலுக்கி எடுத்துவிடும். முந்தின நாளே நாகை வந்து தங்குகிறவர்கள் சாயங்காலம் நாகூருக்குப் போய், இறால் பதித்துப் பொரித்த வாடா சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அது முந்தின நாள் சாப்பிட வேண்டிய பண்டம். கப்பல் நாளில் கூடாது.

இறங்கியதும் முதலில் எங்கே போவது?

தேநீர்க் கடைக்கு. அங்கே 'தேத்தண்ணி' என்பார்கள். பால் விட்டது பால்தேத்தண்ணி, விடாதது வெறுந்தேத்தண்ணி அல்லது பிளேன் டீ. நம் டிகிரி காபியை அங்கே தேடாதீர்கள், கிடைக்காது. வெறுந்தேத்தண்ணியோடு ஒரு துண்டு பனங்கட்டி கேளுங்கள். நம் கருப்பட்டிதான். அதை ஒரு கடி கடித்துக்கொண்டு தேநீரை ஒரு வாய் குடிக்க வேண்டும். இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேத்தண்ணி என்றால் இன்னும் நல்லது.

கடையில் ஒரு வழக்கம் நம்மவர்களைத் திகைக்க வைக்கும். நீங்கள் கேட்காமலேயே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், கட்லட், வடை, பற்றிஸ் (பேட்டிஸ்), பணிஸ் (நம் பன்) என்று அடுக்கிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிடுவார்கள். நாம் கேட்கவில்லையே என்று பதற வேண்டாம். எத்தனை எடுத்தீர்களோ அதற்கு மட்டும்தான் காசு. எழுந்திருக்கும்போது எண்ணிப் பார்த்துச் சொல்வார்கள். ரோல்ஸ் என்பது மெல்லிய ரொட்டியில் மீனோ இறைச்சியோ உருளைக்கிழங்கோ வைத்துச் சுருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. சூடாக இருந்தால் மட்டும் எடுங்கள். கண்ணாடி அலமாரியில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கும் ரோல்ஸ் வெறும் எண்ணெய்தான்.

சொதி சொதி என்கிறார்களே, அது என்ன?

இதற்காக மட்டுமே ஒருவர் கப்பல் ஏறலாம் என்பது என் கருத்து.

தேங்காய்ப்பாலை மஞ்சள் போட்டு, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, வெந்தயம் சேர்த்துக் கொதியாமல் கொதிக்க வைத்து எடுப்பது. பருப்பு கிடையாது. புளி கரைப்பது கிடையாது. இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிவார்கள், அங்கே அதற்குத் தேசிக்காய் என்று பெயர். இவ்வளவுதான் சொதி. மீன் போட்டால் மீன் சொதி. திருநெல்வேலிப் பக்கம் கல்யாண மறுநாள் வைக்கும் சொதி காய்கறியோடு கெட்டியாக இருக்கும். இது அப்படி இல்லை. தண்ணீர் போல ஓடும்.

நான் தங்கிய வீட்டு அம்மா சொதி வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். துருவிய தேங்காயை வெந்நீர் விட்டுப் பிழிந்து முதல் பாலைத் தனியாக வைத்தார். இரண்டாம் பாலில், மூன்றாம் பாலில் வெங்காயத்தையும் மிளகாயையும் வேக விட்டார். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் முதல் பாலை ஊற்றி, அகப்பையால் அள்ளி அள்ளி மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தார். ஓரத்தில் ஒரு குமிழி வந்தது. உடனே சட்டியை இறக்கிவிட்டார். "கொதிச்சா திரைஞ்சிடும் தம்பி" என்றார். ஆறின பிறகுதான் தேசிக்காய். சூட்டில் பிழிந்தால் கைக்கும் என்று சொன்னார். மொத்தம் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

காலையில் இடியப்பத்தின் மேல் இதை நிறைய ஊற்றி, கூட ஒரு உருண்டை தேங்காய்ச் சம்பல் வைத்துப் பிசைந்து சாப்பிடுங்கள். சம்பல் நம் துவையலுக்குப் பங்காளி: செத்தல் மிளகாய் (நம் காய்ந்த மிளகாய்), வெங்காயம், தேங்காய், உப்பு, புளிப்புக்குத் தேசிக்காய். சொதி குளிர்ச்சி, சம்பல் உறைப்பு. இரண்டும் ஒரே வாயில் வர வேண்டும். நம் ஊரில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பால் சர்க்கரையோ குருமாவோ வைத்துப் பழகினவர்களுக்கு முதல் வாய் புதுசாக இருக்கும், நாலாவது வாயில் பழகிவிடும்.

புட்டும் கிடைக்கும் என்கிறார்களே?

அங்கே பிட்டு. நமக்குப் புட்டு என்றால் நவராத்திரி வெள்ளிக்கிழமை செய்யும் வெல்லப் புட்டு, இனிப்பு. அவர்களுக்கு அது ராத்திரிச் சாப்பாடு. அரிசிமாவும் தேங்காய்ப்பூவும் சேர்த்து அவித்து, மீன் குழம்போ கத்தரிக்காய்ப் பொரியலோ சொதியோ விட்டுச் சாப்பிடுவார்கள். பாலும் சர்க்கரையும் வாழைப்பழமும் சேர்த்துப் பிசைந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் உண்டு. நம் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் எதையும் தொடமாட்டேன் என்று அடம் பிடித்தால் இதைக் கொடுங்கள்.

மதியம் சாம்பார் சாதம் கிடைக்குமா?

சைவக் கடைகளில் சாம்பார் கிடைக்கும். கேட்காதீர்கள் என்று நான் சொல்வேன். சோறும் கறியும் வாங்குங்கள். சோறு பெரும்பாலும் சிவப்பு. மொட்டைக்கறுப்பன் என்ற நாட்டு நெல் அங்கே பெயர் பெற்றது, கிடைத்தால் விடாதீர்கள். நம் மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு அந்தக் கனம் பிடிக்கும். பொன்னி அரிசியே கதி என்றிருப்பவர்கள் முதல் நாள் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளுங்கள், மெல்ல வேண்டியிருக்கும்.

சுற்றிலும் மூன்று கறி, ஒரு வறை, ஒரு பருப்பு, அப்பளம், பொரித்த மோர்மிளகாய். கடைசியில் சொதி அல்லது ரசம். நாம் மோர் விட்டுக்கொள்ளும் இடத்தில் அவர்கள் சொதி விட்டுக்கொள்கிறார்கள். வறை என்பது தேங்காய்ப்பூ போட்டு ஈரமில்லாமல் வதக்கியது. முருங்கையிலை வறை, கோவா வறை என்று வரும். கோவா என்றால் நம் முட்டைக்கோஸ். கடற்கரையில் நாம் சுறாப்புட்டு என்கிறோமே, அது அங்கே சுறா வறை. நாகையில் சாப்பிட்டதற்கும் அதற்கும் நூலிழைதான் வித்தியாசம். மூன்று நாளில் வீட்டு ஞாபகம் வந்துவிட்டவர்களுக்கு அதுதான் மருந்து.

ஒடியல் கூழ் எங்கே கிடைக்கும்? நன்றாக இருக்குமா?

கடைகளிலும் சில இடத்தில் வைக்கிறார்கள். ஆனால் கூழ் ஒரு ஆள் ஒரு கிண்ணம் வாங்கிக் குடிக்கிற பண்டம் இல்லை. பத்துப் பேர் சேர வேண்டும், பெரிய பானை வேண்டும், ஒரு முழு சாயங்காலம் வேண்டும். யாராவது "கூழ் காய்ச்சப் போறம், வாறீங்களோ" என்று கூப்பிட்டால் வேறு என்ன திட்டம் இருந்தாலும் தள்ளி வையுங்கள்.

பனங்கிழங்கைப் பச்சையாகவே பிளந்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அது சும்மா கடித்துத் தின்ன. ஒடியலை இடித்து மாவாக்குவார்கள். அந்த மாவு கைக்கும். அதனால் தண்ணீரில் ஊற வைத்து, தெளிந்த நீரை இறுத்து, மறுபடி நீர் விட்டு, மறுபடி இறுப்பார்கள்.

என் மூன்றாவது பயணத்தில் வேலணைத் தீவில் ஒரு வீட்டுக் கொல்லையில் கூழ் குடித்தேன். மூன்று கல் கூட்டி அடுப்பு. பனமட்டைதான் விறகு. பானையில் முதலில் ஒரு கை அரிசியும் பலாக்கொட்டையும் பயத்தங்காயும் மரவள்ளிக்கிழங்கும் வெந்தன. பயத்தங்காய் என்றால் நம் காராமணிக்காய். அப்புறம் நண்டை உடைத்துப் போட்டார்கள், பிறகு றால், மீன் துண்டு, கணவாய். செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்த விழுது இறங்கியதும் பானை சிவந்தது. பழப்புளி கரைத்து விட்டார்கள். கடைசியில்தான் மாவுக் கரைசல். வீட்டுக்கார அண்ணன் ஒரு நீள அகப்பையால் கிண்டிக்கொண்டே இருந்தார். "மாவைக் கரைச்சு விட்ட பிறகு கையை எடுக்கக் கூடாது, அடிப் பிடிச்சிடும்" என்று சொல்லி, பேசும்போதும் கிண்டினார், வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டும் கிண்டினார். முருங்கையிலையைக் கடைசியாக உருவிப் போட்டார்.

அதற்குள் பையன்கள் பனையோலையை மடித்து, ஓரத்தைக் கட்டிக் கிண்ணம் மாதிரி செய்துவிட்டார்கள். அதற்குப் பிளா என்று பெயர். எல்லோரும் மண்ணில் வட்டமாக உட்கார்ந்தோம். பிளாவில் ஊற்றிய கூழ் சுட்டது. பச்சை ஓலையின் வாசனை முதலில் வந்தது, பிறகு கடல் வாசனை, பிறகு மிளகாய். உறிஞ்சிக் குடிக்கிறோம், நடுவில் ஒரு றால் வாயில் வருகிறது, நண்டுக்கால் வருகிறது, அதை எடுத்துச் சப்பிவிட்டு மறுபடி உறிஞ்சுகிறோம். காரம் தாங்காதபோது கடிக்க ஆளுக்கு ஒரு தேங்காய்ச் சில்லு. மூக்கில் நீர் வழியாத ஆள் அந்த வட்டத்தில் ஒருவர்கூட இல்லை. என் ஓலை காலியாவதற்குள் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு நிரப்பியது. யார் கை என்று இருட்டில் தெரியவில்லை.

நன்றாக இருக்குமா என்று கேட்டீர்கள். நான் என் வீட்டிலும் ஒடியல்மா வாங்கி வந்து காய்ச்சிப் பார்த்தேன். ருசி வந்தது. ஆனால் நாலு பேர் மேசையில் உட்கார்ந்து எவர்சில்வர் கிண்ணத்தில் குடித்தோம், அது வேறு ஏதோவாக இருந்தது.

கொத்து ரொட்டியும் நம் கொத்து பரோட்டாவும் ஒன்றா?

உறவு உண்டு. நம் கடையில் முட்டையும் சால்னாவும் ஊற்றிக் கொத்துவார்கள், பதம் ஈரமாக வரும். அங்கே ரொட்டியோடு கோவா, லீக்ஸ், கேரட், முட்டை, இறைச்சிக் கறி எல்லாம் சேர்த்துக் கொத்துவார்கள். லீக்ஸ் வெங்காயத்தாள் மாதிரி ஒன்று, அதன் வாசனை நமக்குப் புதுசு. ஆறு மணிக்கு மேல் தெருவில் நடந்தால் இரும்புத் தகடு கல்லில் மோதும் தாளத்தை வைத்தே கடையைக் கண்டுபிடித்துவிடலாம். ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஊர் அடங்கிவிடும். தஞ்சாவூர்ப் பேருந்து நிலையம் மாதிரி நடுராத்திரி வரை கடை இருக்கும் என்று எண்ணிக்கொண்டு படுத்துவிடாதீர்கள்.

நாங்கள் சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?

தாராளமாக. சைவம் ஊன்றிய ஊர் அது. நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா 25 நாள் நடக்கும். அந்த நாட்களில் அசைவம் தொடாத குடும்பங்கள் ஏராளம். சைவக் கடை என்று போர்டு போட்ட இடங்களில் தோசை, வடை, சோறு எல்லாம் உண்டு. காய்கறிச் சாப்பாட்டுக்கு 'மரக்கறி' என்பது சொல், அசைவத்துக்கு 'மச்சம்'.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். மாசி என்று ஒரு கருவாடு உண்டு, தூளாக இடித்துச் சம்பலில் போடுவார்கள். பார்த்தால் தெரியாது. சீனிச் சம்பல் என்று இனிப்பாக வெங்காயத்தில் செய்வதிலும் இருக்கும். பாண் என்கிற பிரெட்டுக்குள் வைத்துக் கொடுப்பதில் பெரும்பாலும் இருக்கும். சொதியிலும் மீன் இருக்கலாம். சைவக் கடை அல்லாத இடத்தில் "மரக்கறியோ? மாசி போட்டிருக்கோ?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். உள்ளதைச் சொல்லிவிடுவார்கள்.

காரம் ரொம்ப அதிகமா?

அதிகம். அவர்கள் கறித்தூளை நன்றாகக் கறுக வறுத்து இடிக்கிறார்கள்: மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை. நாம் கறிக்குழம்புக்கு மட்டும் போடும் சோம்பை அவர்கள் கத்தரிக்காய்க்கும் போடுவார்கள். நண்டுக் கறியில் இந்தத் தூளின் குணம் முழுக்கத் தெரியும். "உறைப்புக் குறைச்சு" என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் ஏற்கெனவே வைத்த குழம்பில் யார் என்ன செய்ய முடியும்? சொதியைக் கூட ஊற்றிக்கொள்ளுங்கள்.

சின்னத் தீவுகளுக்குப் போனால் சாப்பாடு கிடைக்குமா?

வேலணை, புங்குடுதீவு வரை பாலம் வழியாகவே பஸ்ஸில் போகலாம். புங்குடுதீவுக் கடைசியில் குறிகட்டுவான் துறை. அங்கிருந்து படகில் நயினாதீவுக்குக் கால் மணி நேரம், நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் மதியம் அன்னதானம் உண்டு. அந்த மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். நம்மூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் கேட்டால் உடம்பு சிலிர்க்க வேண்டும். பூம்புகாரிலிருந்து மணிமேகலையைத் தெய்வம் தூக்கிக்கொண்டு போய் வைத்த மணிபல்லவத் தீவு இதுதான் என்று சொல்கிறவர்கள் பலர். கோமுகிப் பொய்கையில் அமுதசுரபி அவள் கைக்கு வந்தது அந்தத் தீவில். அதை எடுத்துக்கொண்டு நம் புகாருக்குத் திரும்பி வந்தாள், முதல் பிச்சையை ஆதிரை இட்டாள். காவிரி கடலில் கலக்கும் ஊருக்கும் இந்தத் தீவுக்கும் நடுவே ஒரு சோற்றுப் பாத்திரம் போய் வந்த கதை. அந்த மண்டபத்தில் உட்கார்ந்து சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் சாப்பிட்டபோது எனக்கு இது நினைவுக்கு வந்து, கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் சோறு போதவில்லையோ என்று நினைத்துப் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார்.

நெடுந்தீவில் கடைகள் குறைவு. பிஸ்கட்டும் தண்ணீரும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு வேண்டுமானால் இறங்கியவுடனே கடையில் சொல்லிவைத்துவிட்டு ஊர் சுற்றப் போங்கள், ஆளுக்கு ஏற்ற மாதிரி சமைப்பார்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ள மறக்காதீர்கள்.

யாராவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் போகலாமா?

போங்கள். வெறும் கையோடு போகாதீர்கள். நாகூர் அல்வாவோ திருவையாற்று அசோகாவோ கொண்டுபோனால் கொடுக்க நன்றாக இருக்கும்.

ஒரு சொல்லில் நான் மாட்டிக்கொண்டேன். அந்த அம்மா பிட்டு வைத்துக்கொண்டே "காணுமோ?" என்றார். எதைக் காணும் என்கிறார் என்று புரியாமல் நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். இன்னொரு குழல் பிட்டு தட்டில் விழுந்தது. மறுபடி "காணுமோ?". மறுபடி நான் விழித்தேன், மறுபடி பிட்டு. அங்கே 'காணும்' என்றால் 'போதும்'. வயிறு நிறைந்ததும் "காணும் அம்மா" என்று சொல்லிவிடுங்கள்.

போர் பற்றி நாமாகக் கேட்க வேண்டாம் என்பது என் எண்ணம். 2009-இல் முடிந்தது என்று நாம் ஒரு வருஷத்தைச் சொல்லிவிடுகிறோம். சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் மாலை போட்ட படம் தொங்கும் வீடுகள் உண்டு. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். கேட்கும்போது தட்டில் கை வைக்காமல் இருங்கள்.

நாகப்பட்டினம் என்று சொன்னால் ஏதாவது பிரச்சினை வருமா?

பிரச்சினை வராது, பேச்சு வரும். மீன் சந்தையில் ஒருவர் என்னிடம் ஊர் கேட்டார். நாகை என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், நம் பக்கத்து இழுவைப்படகுகள் வந்து அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போவதைச் சொன்னார். இலங்கையில் இழுவைமடியை 2017-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். சிறு படகுக்காரர்களின் நஷ்டம் பெரியது. நம் பக்கத்து மீனவர் வீடுகளிலும் பிடிபட்டுச் சிறையில் இருப்பவர்களை நினைத்து அழுகிறார்கள், எனக்கு இரண்டு பக்கமும் தெரியும். நான் பதில் வாதம் பண்ணவில்லை, கேட்டுக்கொண்டேன். போகும்போது அவரே நல்ல நண்டு எது என்று பார்த்து எடுத்துக் கொடுத்தார். அந்தத் தட்டில் வரும் மீனுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்து சாப்பிடுவது நல்லது.

தண்ணீர்?

பாட்டில் தண்ணீர். கிணற்று நீர் சுண்ணாம்பு கலந்தது, தீவுகளில் உப்பு. காவிரித் தண்ணீரிலேயே வளர்ந்த வயிறு உடனே ஒத்துக்கொள்ளாது. இளநீர் எங்கும் கிடைக்கும். மஞ்சள் சிவப்பாக இருக்கும் செவ்விளநீரைக் கேட்டு வாங்குங்கள்.

பணம் எப்படி?

நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கும். அதனால் விலைச்சீட்டில் பெரிய எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அங்கே எல்லாம் விலை ஏறிவிட்டது. சின்னக் கடைகளில் பேரம் பேசாதீர்கள். சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கள் கிடைக்குமா?

நம் மாநிலத்தில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. அங்கே தவறணை என்ற கடைகளில் அனுமதியோடு பனங்கள் விற்கிறார்கள். பௌர்ணமி நாளில் மது விற்பனை நாடு முழுக்கக் கிடையாது, இறைச்சிக் கடையும் மூடியிருக்கும். கள் வேண்டாம் என்பவர்கள் கருப்பநீர் கேளுங்கள், நம் பதநீர்தான்.

எந்த மாதம் போனால் நல்லது?

மாம்பழத்துக்காகவென்றால் வைகாசி, ஆனி. கறுத்தக்கொழும்பான் என்ற பழத்தை அப்போது சாப்பிடலாம். தோல் பச்சையாகவே இருக்கும், உள்ளே காவி நிறம், நார் கிடையாது. ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழா. பனம்பழம் விழும் காலமும் அதுதான், பனங்காய்ப் பணியாரம் வீட்டுக்கு வீடு மணக்கும். நல்லூர்க் கோயிலைச் சுற்றி ஐஸ்கிரீம் கடைகள் உண்டு, ரியோ என்பது பேர்பெற்றது. சாமி கும்பிட்டுவிட்டுக் குடும்பம் குடும்பமாக அங்கேதான் போய் உட்காருவார்கள். ஐப்பசி கார்த்திகையில் கடல் சரியிருக்காது, கப்பலை நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முன் கப்பல் ஓடுகிறதா, நுழைவு அனுமதிக்கு என்ன விதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் இல்லாமல் ஏற முடியாது.

வரும்போது என்ன வாங்கி வரலாம்?

பச்சைப் பழம், கிழங்கு, செடி, விதை எதுவும் வேண்டாம், சோதனையில் சிக்கல் வரும். கருவாடு ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் நான்கு மணி நேரம் கப்பலில் மற்றவர்களும் உட்கார்ந்திருப்பார்கள்.

யாழ்ப்பாணம் பெரிய சந்தையில் ஓலைக் குட்டானில் கட்டிய பனங்கட்டி வாங்குங்கள். வறுத்த கறித்தூள் ஒரு பொட்டலம். பினாட்டு, அது பனம்பழச் சாற்றைப் பாயில் ஊற்றிக் காயவைத்தது, வாயில் வைத்தால் மெதுவாக இனிக்கும். பருத்தித்துறை வடை, தட்டையாகத் தட்டி மொறுமொறு என்று பொரித்தது. நம் தட்டை போல நாள்கணக்கில் கெடாது. நான் போன தடவை நாலு பாக்கெட் வாங்கினேன். கப்பலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேதாரண்யத்துப் பெரியவருக்கு ஒன்று கொடுத்தேன். அவர் கையில் புழுக்கொடியல் இருந்தது, அதில் பாதியை எனக்குக் கொடுத்தார். நாகைக் கலங்கரை விளக்கம் கண்ணில் படும்போது நாங்கள் இரண்டு பேரும் இன்னும் மென்றுகொண்டுதான் இருந்தோம்.